கதவில் தொங்கின அரிசிப் பை

பாஸ்டர். ஜெசியக்கா. செல்லத்துரை அண்ணை. இவர், என்ர மனுசன். மகள் ஷாரோன். நான்.

சபைக்கு வாடகைக்கு எடுத்த அறைக்குள்ள இவ்வளவு பேர்தான். சனிக்கிழமை பின்னேரம். ஷட்டர் பாதி இறக்கியிருக்கு. முழங்காலில நிக்கிறம். பாஸ்டர் வேலை இல்லாத ஆக்களுக்காகச் செபிக்கிறார்.

குத்திற சத்தம். ஒண்டு. பிறகு கூவல்.

"படுங்கோ! கீழ படுங்கோ!"

கத்தினது நான். எல்லாரும் நிலத்தில. பாஸ்டர் வேதப் புத்தகத்தைத் தலைக்கு மேல பிடிச்சிருக்கிறார். செல்லத்துரை அண்ணை கதிரைக்குக் கீழ. இவர் ஷாரோனுக்கு மேல விழுந்து கிடக்கிறார்.

வெடிச்சது. ஷட்டருக்குக் கீழால பச்சை வெளிச்சம் வந்தது. பிறகு சிவப்பு.

வாணம். பக்கத்துத் தெருவில ஆரின்ரயோ பிள்ளைக்கு ஞானஸ்நானம். இத்தாலியில, இந்தப் பலர்மோவில, வாணம் விட ஏதோ ஒரு காரணம் இருந்துகொண்டே இருக்கும். ஷெல்லும் இப்பிடித்தான். முதல் குத்தும். பிறகு கூவும். பிறகு விழும். கூவல் நிண்டால்தான் பயம்.

ஷாரோன் சிரிக்கிறாள். இஞ்சை பிறந்தவள்.

"பப்பா, எழும்புங்கோ. உங்கட வயிறு சத்தம் போடுது."

எல்லாருக்கும் கேட்டது. நான் அவளின்ர கையில நுள்ளினன்.

செல்லத்துரை அண்ணை கதிரைக்குக் கீழ இருந்து சொன்னார். "பாஸ்டர், வாணம் விடுற வேலைக்கு ஆள் எடுக்கிறாங்களோ கேட்டுப் பாரும். எனக்கு அனுபவம் இருக்கு. வாங்கின பக்கத்து அனுபவம்."

பிறகு தேவை சொல்லுற நேரம். எங்கட சபையில அது வழக்கம். ஒவ்வொருத்தரா என்ன தேவை எண்டு வாய்விட்டுச் சொல்ல வேணும். எல்லாரும் சேர்ந்து செபிப்பினம். ஜெசியக்கா புருசனின்ர மருந்துக்குக் கேட்டா. செல்லத்துரை அண்ணை வேலைக்குக் கேட்டார்.

என்ர முறை வந்தது. "ஒண்டுமில்லை. ஸ்தோத்திரம்," எண்டன்.

பொய். பொலிதேயாமா தியேட்டருக்குக் கிட்ட ஒரு சிஞ்ஞோராவை, வயசுபோன இத்தாலிக்காரியை, பராமரிச்சனான். அவ செத்துப்போனா. பிள்ளையள் வீட்டைப் பூட்டிட்டினம். இவர் மொண்டெல்லோக் கடற்கரையில ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவினவர். கோடை முடியக் கடை பூட்டினது. பிறகு கூப்பிடேல்லை. வீட்டில நாளுக்கு ஒருக்காத்தான் சமைக்கிறம். அதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. வேலை இல்லாட்டி பெர்மெஸ்ஸோ, இஞ்சை இருக்கிறதுக்கான அனுமதி, புதுப்பிக்கிறது கஷ்டம். அது ஒரு காரணம்.

மற்றக் காரணம் வன்னி.

பங்கருக்குள்ள இருக்கிறம். அம்மா, அப்பா, அண்ணா, சின்னம்மா, சின்னம்மாவின்ர கைக்குழந்தை, நான். சாப்பாடு இல்லை. அம்மா செபிக்கிறா. சத்தமாச் செபிக்கிறா. விடிய ஒருத்தர் மா கொண்டுவந்து தாறார். நல்ல மனுசன் மாதிரி இருக்கிறார்.

"வீட்டில எத்தினை பேர் அம்மா?"

அம்மா உண்மையைச் சொன்னா. செபம் கேக்கப்பட்டதெண்டு அழுதா. ரொட்டி சுட்டுச் சாப்பிட்டம்.

மா முடியிறதுக்குள்ள வந்தினம். இயக்கத்துக்கு ஆள் கேட்டு வந்தினம். அண்ணாவைக் கொண்டு போனவை. அண்ணாவுக்குப் பதினேழு வயது.

அண்டையில இருந்து நான் தேவை சொல்லுறேல்லை. ஆண்டவருக்கு வாய்க்குள்ள சொல்லுவன். ஆக்களுக்குச் சொல்ல மாட்டன்.

கூட்டம் முடிய பாஸ்டர் கிட்ட வந்தார். அவர் பெரிய ஆள் இல்லை. கிழமை நாளில மாடிப்படி கழுவுறவர். கை வெடிச்சிருக்கும். மெதுவாக் கேட்டார்.

"தங்கச்சி, இப்ப வீட்டில எத்தினை பேர் சாப்பிடுறியள்?"

அதே கேள்வி.

"ஏன்?" எண்டன்.

"சும்மா."

சும்மா ஒருத்தரும் தலை எண்ணுறேல்லை. ஷாரோனைக் கையில பிடிச்சுக்கொண்டு வெளியில வந்திட்டன்.

செவ்வாய்க்கிழமை கதவுப்பிடியில ஒரு பை தொங்குது. அரிசி. கொஞ்சம் பருப்பு. ஒரு ரின் மீன். பேர் இல்லை. மணி அடிச்சதும் கேக்கேல்லை.

உள்ள எடுத்து மேசையில வைச்சன். அவிக்கேல்லை.

இவர் பையைப் பாக்கிறார். என்னைப் பாக்கிறார். "என்னப்பா, செபத்துக்கு வந்தது போல."

"வரட்டும். கேக்க ஆர் வருகினம் எண்டு பாப்பம்."

"என்ன கேக்கப் போகினம்? எங்களிட்டை என்ன கிடக்கு?"

நான் ஷாரோன்ர அறைக் கதவைப் பாத்தன். இவர் எழும்பி வாசல் கதவைப் பூட்டினார்.

படிக்கட்டில செருப்புச் சத்தம் கேட்டால் நான் எழும்புவன். கதவுக் கண்ணால பாப்பன். மேல்வீட்டுக்காரி. கரண்ட் கணக்கெடுக்கிறவன். நாய். வேற ஒருத்தரும் இல்லை. ஷாரோன் மேசையில பையோட முகம் பாத்துப் பள்ளிக்கூட வேலை செய்யிறாள்.

"மம்மா, இது என்ன, குண்டோ?"

"சொல்லேலாது."

"இதுக்குள்ள ரின் மீன்தான் இருக்கு."

அடுத்த நாள் பையை அவிழ்த்தன். அரிசியை வெள்ளைத் துணியில கொட்டிப் பரவினன். ஏதும் இருக்கோ எண்டு தேடினன்.

ஒரே வகை அரிசி இல்லை. சிவப்புக் குத்தரிசி கிடக்கு. பாஸ்மதி கிடக்கு. சம்பா கிடக்கு. இத்தாலிக்காரர் சமைக்கிற உருண்டை அரிசியும் கிடக்கு. எல்லாம் கலந்து. கடையில இப்பிடி ஒருத்தரும் விக்கிறேல்லை.

அப்பதான் விளங்கினது. இது பிடியரிசி.

எங்கட பொம்பிளையளின்ர வழக்கம் அது. ஒவ்வொரு முறை உலையில போட முன்னம் ஒரு பிடி அரிசி ஆண்டவருக்கெண்டு எடுத்து வைக்கிறது. சனிக்கிழமை ஒரு சின்னப் பையில கொண்டுபோய்ச் சபை வாளியில கொட்டுறது. ஜெசியக்கா பைகளை வாங்கிக் கொட்டுவா. அந்த அரிசி எங்கை போகுதெண்டு நான் கேட்டதில்லை. பாஸ்டர் அவிச்சுத் தின்னுறார் எண்டு நினைச்சிருந்தன்.

துணியில இன்னும் ஒண்டு கிடந்தது. ஒரு செத்தல் மிளகாய்க் காம்பு. வண்டு பிடியாமல் நான் அரிசிப் போத்தலுக்குள்ள செத்தல் போட்டு வைக்கிறனான். மற்றவை உப்புப் போடுவினம், இல்லாட்டி இலை போடுவினம்.

என்ர பிடியும் அதுக்குள்ள.

ஜெசியக்கா வீட்டை போனன். அவவின்ர புருசன் கட்டிலில. குசினியில உருண்டை அரிசிப் பைக்கற்று. பக்கத்துக் கத்தோலிக்கக் கோயிலில வரிசையில நிண்டு வாங்கிற தரும அரிசி. அதில இருந்தும் பிடி எடுத்திருக்கிறா.

"ஆர் எங்கட கதவில பை கொழுவினது?"

"ஆண்டவர் தந்தது. பேசாமல் அவியும்."

"ஆண்டவருக்கு எங்கட வீட்டு மாடி ஆர் காட்டினது?"

அவ சிரிச்சா. "உம்மட பை காட்டினது."

"என்ன பை?"

"பிடியரிசிப் பை. முதல் கனமா வரும். பிறகு பாதி. போன கிழமை ஒரு காகிதம் மாதிரி. பிடி குறைஞ்சால் அடுப்பு எரியிறது குறைஞ்சிட்டுது. இதைப் பாஸ்டர் வந்து சொல்ல வேணுமோ?"

"அப்ப பையைத் தூக்கிப் பாக்கிறியளோ?"

"தூக்காமல் வாளியில எப்பிடிக் கொட்டுறது? வாயை மூடி வைச்சிருந்தீர். பையை மூடேல்லை."

நான் கதவடியில நிண்டன். ஒரு கேள்வி மிச்சம் இருந்தது.

"பிறகு என்ன கேப்பியள்?"

ஜெசியக்கா சிரிப்பை விட்டிட்டா. அவவும் வன்னி. அவவின்ர வீட்டுக்கும் ஆள் கேட்டு வந்தவை.

"பையைக் கேப்பன்," எண்டா. "வெறும் பையைத் திருப்பித் தாரும். வேற பை இல்லை."

வீட்டை வந்தன். அரிசி வகை பிரிக்கேல்லை. சேர்த்து அவிச்சால் ஒண்டு குழையும், ஒண்டு வேகாது. அதால கஞ்சி. கஞ்சிக்குள்ள எல்லாம் கரையும். போட முன்னம் ஒரு பிடி எடுத்து வைச்சன். ஷாரோன் மூண்டு கோப்பை குடிச்சாள். இவர் கோப்பையை வழிச்சு நக்கினார்.

நம்பினன் எண்டு எழுத மாட்டன். சாப்பிட்டம் எண்டு எழுதுறன். கன நாளாப் படிச் சத்தத்துக்குக் காது குடுத்தன். ஆள் கேட்டு ஒருத்தரும் வரேல்லை.

இவருக்கு ஸ்ஃபெர்ராகவால்லோவில மீன் கழுவுற வேலை வந்தது. சபை அறைக்காரன் வாடகையைக் கூட்டினான். ஷட்டர் முழுசா இறங்கினது. வாளியை நான் கொண்டுவந்தன்.

இப்ப கீழ்மாடியில ஒரு சோடி இருக்கினம். தமிழ்நாட்டுப் பிள்ளையள். அவன் படிக்கிறான். முந்திப் படிக்கட்டில தாளிக்கிற மணம் வரும். இப்ப வாறதில்லை.

அவையின்ர கதவில பையைக் கொழுவிப்போட்டு மேல ஏறி நிண்டன். கதவு கொஞ்சம் திறந்தது. பெட்டையின்ர குரல்.

"யாருங்க இத வச்சது? எங்களுக்கு வேணாங்க."

கதவு பூட்டினது. பை இரண்டு நாள் தொங்கினது. சரிதான். நானும் அப்பிடித்தான் விட்டிருப்பன். மூண்டாம் நாள் பை இல்லை. எத்தினை பேர் எண்டு நான் கேக்கேல்லை.

கணக்கு எழுதி விடுறன். மறந்து போகக் கூடாது.

பங்கருக்குள்ள இருந்தது ஆறு பேர். அண்ணா போனது போனதுதான். அப்பா, சின்னம்மா, குழந்தை ஒரே ஷெல்லில. அம்மா முகாமில. மிஞ்சினது ஒண்டு.

வாணத்துக்கு நிலத்தில படுத்தது ஆறு பேர். பாஸ்டர் வேலை தேடி வடக்குப் பக்கம் போனார். ஜெசியக்கா செத்த புருசனைத் தாட்டுப்போட்டு மகளிட்டைப் போனா. செல்லத்துரை அண்ணை நித்திரையில போனார். மிஞ்சினது மூண்டு.

வாளியில இப்ப அரிசி கொட்டுற வீடு:

ஒண்டு.