எதிரணி நாற்காலிக்கு அடியில்

போட்டி நடக்கும் இடத்தில் நாற்காலி போடும் வேலையை நான் யாரிடமும் விடுவதில்லை, சார். கோணலாகப் போட்டுவிடுவார்கள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்ததால் தகரக் கூரைக்குக் கீழே மேட் விரித்திருந்தோம். பெண்கள் கபடி. போட்டியை நடத்தியது எங்கள் தென்காசி கிளப். எங்கள் அணிக்கு நான் கோச். இறுதிப் போட்டியில் எதிரணி அச்சன்புதூர். அவர்களுக்கும் நான்தான் நாற்காலி போட்டேன். அவர்களுடைய கோச் ரூபி உட்காரும் நாற்காலியின் அடியில் மைக்கை ஒட்டினேன்.

அப்படியெல்லாம் கேட்க முடியுமா என்றீர்கள். சுலபமாக முடியும். யூடியூப்காரர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் மைக்தான். கறுப்பு டேப் போட்டால் வெளியே தெரியாது. பேச்சு என் போனுக்கு வரும், அங்கிருந்து காதுக்கு. கூட்டம் கத்தும்போது ஒன்றும் பிடிபடாது. ஆனால் டைம் அவுட்டில் எல்லாப் பெண்களும் ரூபியைச் சுற்றிக் குனிவார்கள். அப்போது மூச்சு வாங்குவதுகூடக் கேட்கும். அடுத்து யார் ரெய்டு வருவாள், யாரைத் தொடப் பார்ப்பாள் என்பதெல்லாம் தெரிந்துவிடும். பொது இடத்தில் பேசுவதை ஒருவன் கேட்டால் அது திருட்டா?

அப்படியும் இசக்கிச்செல்வியை எங்களால் நிறுத்த முடியவில்லை. வந்தால் புள்ளியோடுதான் திரும்பினாள். இரண்டாம் பாதி டைம் அவுட்டில் அவள் குரல் கேட்டது.

"அக்கா, எடது தோளு திரும்பவும் கழண்ட மாதிரி இருக்கு. கையத் தூக்க முடியல."

"வெளிய உக்காந்துருதியாட்டி?"

"வேண்டாங்கா. போலீஸ் செலக்‌ஷனுக்கு ஆளு வந்துருக்காவ. யார்ட்டயும் சொல்லிராதிய."

ரூபி, "வலிச்சா எனக்குக் கையக் காட்டு, ஒடனே எடுத்துருதேன்" என்றாள்.

எனக்கு அருவருப்பாக இருந்தது, சார். காயத்தை மறைத்து அரசாங்க வேலை வாங்கப் பார்க்கிறாள். கோச்சும் அதற்கு உடந்தை. தேர்வு செய்ய வந்தவர்களிடம் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்களே.

எங்கள் கார்னரில், ரெய்டு வருபவளைப் பிடிக்க நிற்கும் ஸ்வாதியைக் கூப்பிட்டேன்.

"ஏட்டி, அவ எடது கையப் பிடி. பிடிச்சு முறுக்கிப் பின்னால இழு. தோளு ஏற்கெனவே கழண்டுதான் கெடக்கு."

"மாஸ்டர், அவளும் நானும் ஒரே ஹாஸ்டலு."

"அப்ப நீ வெளிய உக்காரு. செலக்‌ஷன் ஒனக்கும்தான நடக்கு."

அவள் உட்காரவில்லை. அடுத்த ரெய்டிலேயே பிடித்தாள். தோள் பிய்ந்த சத்தம் எனக்கு இயர்போன் இல்லாமலே கேட்டது. நடுவர் எங்களுக்குப் புள்ளி கொடுத்தார்.

இசக்கிச்செல்வியைத் தூக்கிவந்து ரூபியின் நாற்காலியிலேயே உட்காரவைத்தார்கள். அவள் அழுதது நேராக என் காதுக்குள் வந்தது. இயர்போனைக் கழற்றவில்லை. பதிலுக்கு யாரை இறக்குகிறார்கள் என்று தெரியவேண்டும் அல்லவா? அவள் வாந்தியெடுத்த சத்தம் குறுக்கே வந்தது. வால்யூமைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டேன். இறங்குபவளின் பெயரை ரூபி சொன்னதும் என் பெண்களை அதற்கேற்ப நிறுத்தினேன். கோப்பை எங்களுக்கு.

நரம்பு அறுந்துவிட்டது என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். அந்தக் கை இனி எழும்பாது. அம்மாதான் தலை வாரிவிடுகிறாள். வருத்தம்தான். ஆனால் அந்தத் தோளோடு போலீஸுக்குப் போயிருந்தால் என்றைக்காவது இதே கதிதான்.

பரிசளிப்பு முடிந்ததும் நாற்காலி அடுக்க ஸ்வாதி வந்தாள். ரூபியின் நாற்காலியைக் கவிழ்த்தவள் டேப்பைப் பார்த்தாள். பிய்த்து மைக்கை உள்ளங்கையில் வைத்து என்னிடம் நீட்டினாள். "இதுல கேட்டுத்தான் சொன்னியளா?" என்றாள். பதில் சொல்வதற்குள் கோப்பை மேலேயே துப்பிவிட்டு நடந்தாள். நேராக உங்கள் ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள். செலக்‌ஷனில் பெயர் வந்த பிள்ளை, நன்றி வேண்டாமா?

நீங்களும் அதே மாதிரி முகத்தைச் சுளிக்கிறீர்கள், சார். மைக் வைத்தது நான். தோள் கழன்றிருப்பது தெரிந்தே முறுக்கச் சொன்னதும் நான். மறுக்கவில்லை. ஆனால் இத்தனை வருஷமாகப் பொம்பளப் பிள்ளைகளுக்குக் கோச்சாக இருக்கிறேன், ஒருத்தி மேலும் என் விரல் பட்டதில்லை. அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.