ஒருமுறை காய்ச்சினால் போதும்

அவைக்கு அணியாய் வீற்றிருக்கும் தலைவர் குகதாசன் ஐயா அவர்களே, அருகமர்ந்த ஆன்றோர்களே, ஒட்டுசுட்டான் மண்ணை உழுது ஊருக்கு உணவளிக்கும் உழவர் பெருமக்களே, முன்வரிசையைப் பிடித்துக்கொண்டு விட்டுக்கொடுக்க மறுக்கும் தாய்மார்களே, உங்கள் கூட்டுறவுச் சங்கச் செயலாளர் கனகலிங்கத்தின் கைகூப்பிய வணக்கம்.

இன்று என் நெஞ்சு இலேசாக இருக்கிறது. ஏன் என்று கேளுங்கள்.

மழையில் நனைந்து முளைவிட்ட நெல்லைப் புளிக்கவைத்து, மதுசாரம் எடுத்து, நீரிறைக்கும் இயந்திரங்களை ஓட்டப் புறப்பட்டோம். யாரங்கே பின்னால் சிரிப்பது? ஓம் தம்பி, மதுசாரம்தான். மிடற்றுக்கு அல்ல, மெசினுக்கு.

புளித்த கரைசலில் பத்தில் ஒன்றுதான் மதுசாரம், மற்றதெல்லாம் தண்ணீர். பிரிக்க வேண்டாமா? காய்ச்சினோம். கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சுபவர்கள் பார்ப்பதுபோல, ஒரு கரண்டியில் ஊற்றி நெருப்பு வைத்தேன். நீலமாய் எரிந்தது. வெற்றி என்று முழங்கினேன். வயலில் இயந்திரம் மூன்றுதரம் இருமிவிட்டுப் படுத்துவிட்டது. பாதி தண்ணீர் கலந்திருந்தாலும் கரண்டியில் எரியும் என்பது இந்தப் பெரிய மூளைக்குத் தெரியவில்லை.

விட்டேனா? “இன்னொருக்காக் காய்ச்சுங்கோ” என்றேன். அதன்மேல் இன்னொருமுறை என்றேன். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் விறகு. விறகுக்குக் காடு. காட்டில் யானை. அங்கே போனது யார்? நானா? தலைவரா? இல்லை, எங்கள் கொதிகலனுக்கு விறகு கட்டிவரும் பேச்சியம்மா அக்கா.

ஒருநாள் விடியுமுன் போனவர் மத்தியானமாகியும் திரும்பவில்லை. தேடிப் போனோம். ஒற்றை யானை வழிமறித்து நிற்க, பாலைமரக் கொப்பில் ஐந்து மணிநேரம் இருந்திருக்கிறார். யானைவெடி கொளுத்தி விரட்டி, இறக்கிக் கூட்டிவந்தோம். மகள் தர்மிளா அழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்: “செயலாளர் அண்ணை, உங்கட அடுப்புக்கு விறகு வேணும். எனக்கு அம்மா வேணும்.”

அன்றே அடுப்பை அணைத்தேன்.

சங்கத்தையே மூடிவிடலாம் என்றிருந்தபோதுதான் கண்டாவளையிலிருந்து பொறியியலாளர் வினோஜா வந்தார். “ஐயா, ஒருக்காக் காய்ச்சினாப் போதும். மிச்சத் தண்ணியை இந்தக் குழாய் பிரிக்கும்” என்றார். குழாய்க்குள் ஒரு மென்சவ்வு. அதன் நுண்துளை வழியே நீராவி வெளியேறும். மதுசார ஆவி உள்ளே நிற்கும். அந்த ஆவி குளிரும்போது விடுகிற சூடு அடுத்த கரைசலைச் சூடாக்கும். விறகே வேண்டாம், அரிசி ஆலையில் குவிந்துகிடக்கும் உமி போதும். நேற்று இயந்திரம் பொழுதுபடும்வரை ஓடியது, ஒருதரம்கூட இருமவில்லை.

பேச்சியம்மா அக்கா என்னிடம் வந்து, “இனிமே காட்டுக்குப் போக வேணாங்களா?” என்று இரண்டுதரம் கேட்டார். வேண்டாம் அக்கா என்று இரண்டுதரம் சொன்னேன்.

உறவுகளே! நெல் நம்முடையது, உமி நம்முடையது, உழைப்பு நம்முடையது. உயிர் மட்டும் யாருடையது என்று நினைத்தேன்? ஒரு தாயைக் காட்டுக்கு அனுப்பி எடுக்கிற எரிபொருள் நமக்கு எதற்கு? அக்கா, சபையறியச் சொல்கிறேன், பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கோ.

இன்று காலை தர்மிளா சொன்னாள்: “அண்ணை, அம்மா இண்டைக்கு ஏழு மணிவரைக்கும் நித்திரை கொண்டவா.”

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு வேண்டாம். வெயிலிலும் என் கதையைக் கேட்டிருந்த உங்கள் பொறுமைக்கு நன்றி. எல்லோரும் நிம்மதியாக நித்திரை கொள்ளுங்கள். வணக்கம்.