உப்புநீர் யார் தலையில்?

வாக்குறுதியை வாரி வழங்கும் வள்ளல், நம் கல்லூரி விளையாட்டுத் துறை இயக்குநர், இப்பாராட்டு விழாவின் தலைவர், பெருமதிப்பிற்குரிய பெனிங்டன் அவர்களே! அவர் அருகில், நம் அணித் தொப்பியை விலைச்சீட்டுகூடக் கிழிக்காமல் அணிந்திருக்கும் புதியவரே! பனியிலும் பலகை இருக்கையை விட்டு எழாத பெரியோர்களே! சேற்றுச் சட்டை துவைத்தே கை சிவந்த தாய்மார்களே! வானொலியில் வர்ணனை செய்து தொண்டை கட்டிய வெர்னன் டகெட்டின் வணக்கம்!

இந்த ஆண்டு அமெரிக்கக் கால்பந்தில் ஆறு ஆட்டம் வென்றோம். ஆறு ஆட்டம் தோற்றோம். இந்த இமாலயச் சாதனையை மெச்சி, ஊறுகாய் நிறுவனம் ஒன்று நம்மை லூசியானாவுக்கு அழைத்து, ஊறுகாய்க் கிண்ணப் போட்டியில் ஆடவைத்தது. எதிரணி ப்ரூக்ஸ்பர்க் சாமானியமா? அதுவும் ஆறு வென்று ஆறு தோற்ற அணி! சிங்கமும் சிங்கமும் மோதின என்று சொல்ல ஆசைதான்; வாய் வரமாட்டேன் என்கிறது.

நம் தலைமைப் பயிற்சியாளர் என்ன செய்தார்? அழைப்பு வந்த மறுநாளே பெரிய பல்கலைக்கழகத்துக்குப் பறந்தார். பந்தெறியும் நாயகனையும் கையோடு கூட்டிப் போனார். எஞ்சியவர் உதவிப் பயிற்சியாளர் டுவேன் ஹட்டன். அவர் தோளில் கைபோட்டுப் பிள்ளைகள் முன்னிலையில் இயக்குநர் சொன்னார்: "டுவேன், ஜெயிச்சுட்டு வாய்யா. அடுத்த வருஷமும் நீதான் கோச்சு!" சொன்னீர்களா இல்லையா, ஐயா? தலை ஆடுகிறது, எந்தப் பக்கம் என்றுதான் தெரியவில்லை.

வென்ற பயிற்சியாளர் தலையில் ஊறுகாய் உப்புநீரைக் கொட்டுவது அந்தப் போட்டியின் மரபு. நாம் ஒரு புள்ளி முன்னிலை. எதிரி எறிந்த பந்து தரையில் விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்று நம் நெட்டை ஆட்டக்காரன் டெரல், வாளியோடு ஓடிவந்து ஹட்டன் தலையில் கவிழ்த்தான்! கடிகாரத்தில் இன்னும் இரண்டு நொடி இருந்தது. கடிகாரம் பார்க்கும் பழக்கம் நமக்கு எப்போது இருந்தது?

விதிமீறல் என்று நடுவர் மஞ்சள் துணியை வீசினார். தண்டனையாகப் பந்து நம் எல்லையை நோக்கிப் பதினைந்து கெஜம் முன்னேறியது. இப்போது எதிரணி உதைத்தால் நம் கம்பங்களுக்கு நடுவே போய்விடும் தூரம். போனால் அவர்களுக்கு மூன்று புள்ளி, நமக்குத் தோல்வி, ஹட்டனுக்கு வேலையும் போச்சு!

டெரல் அழுதான். "கோச்சு, கெடுத்துட்டேன்..."

"அழுறத அப்புறம் வெச்சுக்கடா! எனக்குக் கண்ணு எரியுது, ஒண்ணும் தெரியல. நீதான் பாக்கணும். போ, கைய மேல தூக்கிக் குதி!"

குதித்தான்! பந்து அவன் உள்ளங்கையில் அறைந்து விழுந்தது. வென்றோம்! நான் வானொலியில் அழுதேன், வெட்கமில்லை.

அப்படியானால் இந்தப் புதியவர் யார்? பயிற்சியாளர் நாற்காலியில் ஏன் அமர்ந்திருக்கிறார்? ஹட்டன் ஏன் கதவோரம் நிற்கிறார்? சற்றுமுன் இயக்குநர் முழங்கினார், "இந்த வெற்றி என் தொலைநோக்கின் வெற்றி" என்று. ஆகா! வென்றவர் தலையில்தானே உப்புநீர்? டெரல், அந்த வாளியை எடுத்து வா தம்பி!

என்ன பின்னால் பார்க்கிறீர்கள், ஐயா? வாளி நிரம்பியிருக்கிறது. வென்றவர் யார், நீங்களா ஹட்டனா? ஒலிபெருக்கியில் சொல்லுங்கள்.

"யோவ், கோட்டு புதுசுய்யா! ஹட்டன்தான்! ஹட்டன்தான் ஜெயிச்சாரு!"

ஜெயித்தவருக்கு வேலை என்றது யார்?

"நான்தான்! வாளியக் கீழ வைக்கச் சொல்லு!"

ஊரே கேட்டது. ஹட்டன், வந்து உட்காருங்கள். புதியவரே, தொப்பியின் விலைச்சீட்டு பத்திரம். திருப்பிக் கொடுக்க உதவும். வாளிக்கு நன்றி, உங்கள் அனைவருக்கும் வணக்கம்!