நாற்பத்தொன்றாவது வீடு

— சார், இன்னைக்கு இது போதும் சார். திரும்பிருவோம். மூணு மணி பஸ்ஸ விட்டா பெறகு அஞ்சரைக்குத்தான்.

— பத்து வீடு முடிச்சாச்சு காசிராஜா. ஒரே ஒரு வீடுதான் பாக்கி. அத விட்டுட்டுப் போனா போன ஞாயித்துக்கெழமையும் இன்னைக்கும் சர்ச்சுக்குக்கூட போகாம நான் இந்தக் கரிசக்காட்டுல நடந்தது எதுக்கு?

— வீட்டுல இருக்க மாட்டாக சார். இருளாண்டி ஊர்லயே இல்லன்னு இப்பத்தான கடையில சொன்னாக.

— அவரு இல்லன்னா அவரு வீட்டுக்காரம்மா இருக்கும். நாலு புள்ளைக இருக்கும். அதுக கிட்டச் சொல்லிட்டு வாரேன்.

— என்னத்த சார் சொல்லப் போறீங்க?

— பத்து வீட்டுல சொன்னதத்தான். அதாவது, எங்க காலேஜுப் பசங்க தை மாசம் வந்து உங்க வீட்டு வெவரம் கேட்டாங்க. உங்க பேரு வெளிய போகாதுன்னு சொல்லித்தான் கேட்டாங்க. அப்பிடிச் சொல்லணும்னு அவங்களுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவனே நான்தான். கடைசியில அந்தப் பேர எடுத்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபீஸர் கையில குடுத்ததும் நான்தான். மன்னிச்சிருங்கன்னு சொல்லணும்.

— காலையில போன வீட்டுல மாரிச்சாமி நாய அவுத்து விட்டாரே சார். பேண்ட்டு கிழிஞ்சு போச்சு.

— கிழியட்டும். ரெண்டு மாசத்துக்கு முன்ன மாரிச்சாமி காலேஜு வாசல்ல வந்து நின்னு, 'எவன்டா அந்த வாத்தியான்'னு கத்துனப்பதான் நடந்ததே எனக்குத் தெரியும். நாய் கடிச்சாக்கூடப் பரவாயில்லடா. அந்தக் கடைசித் தெருப் பெரியவரு, 'விடுங்க சாமி, ஆறு புள்ளைக்கு மேல எனக்கும் தெம்பு இல்ல'ன்னு சொல்லி மோர் குடுத்தாரு பாரு. அதத்தான் என்னால குடிக்க முடியல.

— நீங்களா சார் அவுகள வேனுல ஏத்துனீங்க? ஆபீஸரு கேட்டாரு, குடுத்தீங்க. எமர்ஜென்சி நேரம். இல்லன்னு சொல்ல முடியுமா?

— ரெண்டு மாசமா அதத்தான் நானும் எனக்கு நானே சொல்லிக்கிட்டு இருந்தேன். பொய்டா. அந்தாளு என்னய மெரட்டவே இல்ல. எதுத்தாப்புல உக்காந்து டீ குடிச்சுக்கிட்டே, 'உங்க ஆராய்ச்சி கவர்மெண்டுக்குப் பயன்படட்டுமே சார்'னு கேட்டாரு. பத்து வருசமாப் பாடம் எடுக்குறேன். இந்த மாவட்டத்துல ஒரு மனுசன் என் ஆராய்ச்சியக் கேட்டது கெடையாது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. நாலும் அதுக்கு மேலயும் புள்ளைக இருக்குற பதினோரு வீட்ட நானே பொறுக்கி, செவப்பு மையில சுழிச்சுக் குடுத்தேன்.

— சார், அந்த வீட்டுக்கு வேணாம் சார்.

— ஏன்டா ஒனக்கு இப்பிடி வேர்த்து ஊத்துது?

— வெயிலு சார்.

— எனக்கும் அதே வெயிலுதான. இங்க பாரு, நீ எதுக்கு பயப்படுற? உன் படிவத்துல ஒரு தப்பும் இல்ல. அறுவது படிவத்துல ஒரு கட்டம்கூட காலியா விடாம நெரப்புனது அது ஒண்ணுதான். நாப்பத்தொண்ணாவது வீடு. கிளாசுல வாசிச்சுக் காட்டுனேனே, ஞாபகம் இருக்கா? 'பேட்டின்னா இப்பிடி எடுக்கணும், எப்பிடி மனசு விட்டுப் பேசியிருக்காங்க பாருங்க'ன்னு சொன்னேன்.

— ஞாபகம் இருக்கு சார்.

— இந்த முள்ளுப்படல் போட்ட வீடுதான? யம்மா! வீட்டுல ஆளு இருக்கா?

— யாரது? அவுக ஊர்ல இல்ல.

— இருளாண்டி வீட்டுக்காரம்மாதான? தங்கத்தாய்னு கடையில சொன்னாங்க. எம் பேரு ஜெபதுரை. அருப்புக்கோட்டைக்குப் பக்கத்துல காலேஜு வாத்தியாரு. இந்தத் தம்பி காசிராஜன், எங்கிட்டப் படிக்கிறவன். மல்லாங்கிணத்துல இவுங்க அப்பா கடை வச்சிருக்காரு.

— வாத்தியாரா? ஆபீஸ்காரவுகளோன்னு பதறிட்டேன். அந்தக் கல்லுல உக்காருங்கய்யா. எந்திரிச்சு வரலன்னு நெனைக்காதீக. ஒடம்பு முடியல, உள்ள சாஞ்சுதான் இருக்கேன். தம்பி, தண்ணி வேணும்னா பானையில மோந்து குடி. அந்தச் செவப்பு வாளியில இருக்கறத எடுக்காத, அது ஆட்டுக்கு.

— புது வாளியா இருக்கே தாயி.

— அவுகளுக்கு ஆப்பரேசன் பண்ணி, கேம்ப்புல கையில குடுத்து அனுப்புன வாளிய்யா. அதுல நான் தண்ணி குடிக்க மாட்டேன்.

— அம்மா, அதுக்காகத்தான் வந்தேன். அந்தக் கேம்ப்புக்காரங்களுக்கு உங்க வீட்டுக்காரர் பேரக் குடுத்தது நான்தான்.

— நீங்களா? உங்கள நான் பாத்ததே இல்லையேய்யா. அவுகளுக்கும் உங்களுக்கும் என்ன?

— ஒண்ணும் இல்லம்மா. அதாவது, எங்க படிப்புல இது ஒரு வேலை. வாக்காளர் பட்டியல வச்சு அஞ்சு வீட்டுக்கு ஒரு வீடுன்னு எடுத்துக்கிட்டு, எப்பிடிப் பொழைக்கிறாங்க, எத்தன புள்ளைக, என்ன சாப்பிடுறாங்கன்னு கேட்டு எழுதுவோம். தை மாசம் இந்தத் தம்பி உங்க வீட்டுக்கு வந்தான். நீங்களும் நம்பி எல்லாத்தையும் சொன்னீங்க. அந்தக் காகிதத்த நான் எடுத்து...

— எங்க வீட்டுக்கு யாரும் வரலையேய்யா.

— வந்தான்மா. பொங்கல் கழிஞ்சு ரெண்டாவது வாரம்.

— பொங்கல் கழிஞ்சா? அப்ப நானும் அவுகளும் எம்.ரெட்டியபட்டிப் பக்கம் கதிரறுக்கப் போயி இருவது நாளு அங்கதான் கெடந்தோம். வீடு பூட்டித்தான கெடந்துச்சு?

— ஒருவேள புள்ளைக கிட்டக் கேட்டிருப்பான்.

— எந்தப் புள்ளைக கிட்ட?

— உங்க புள்ளைக கிட்டத்தான். நாலு புள்ளைக.

— ஐயா, எனக்குப் புள்ள கெடையாதே.

— காசிராஜா.

— சார்.

— என்னடா சொல்றாங்க இவங்க?

— பூட்டியிருந்துச்சு சார். ரெண்டு தடவ வந்து பாத்தேன், சத்தியமா ரெண்டு தடவ வந்தேன். மறுநாளு படிவத்த ஒப்படைக்கணும்னு நீங்க சொல்லிட்டீங்க. ஊருணிக் கரையில கருவேல மரத்தடியில உக்காந்து நானே எழுதிட்டேன். பக்கத்து வீடுகள்ல நாலு, அஞ்சுன்னு சொன்னாக. இங்கயும் அப்பிடித்தான் இருக்கும்னு நாலு போட்டேன்.

— நான் கிளாசுல வாசிச்சேனே. 'மழை பேஞ்சாலும் பேயாட்டியும் மூத்தவன படிக்க வச்சிருவோம்'னு அந்தம்மா சொன்னதா இருந்துச்சே. அது?

— அதுவும் நான்தான் சார். மார்க்குக்காக எழுதுனேன். நீங்க வாசிச்சு எல்லாரும் கை தட்டுன பெறகு எப்பிடி சார் சொல்லுவேன்? இப்பிடி ஆகும்னு சத்தியமாத் தெரியாது சார்.

— தம்பி, இங்க வா. கிட்ட வா. அடிக்க மாட்டேன். என் புள்ளைகளுக்கு என்ன வயசு போட்ட?

— யக்கா...

— சொல்லு, கேப்போம்.

— ஒம்பது, ஏழு, நாலு, ரெண்டு.

— ஆணா, பொண்ணா?

— ரெண்டு ஆணு. ரெண்டு பொண்ணு.

— எங்களுக்குக் கல்யாணம் ஆகியே ஆறு வருசந்தான் ஆச்சு. ஒம்பது வயசுல எனக்கு ஒரு பயல எங்கருந்து கொண்டாந்த?

— என்மேலயும் தப்பு இருக்கும்மா. பசங்க போன வீட்டுல பத்துக்கு ஒண்ணுலயாவது நான் மறுபடி போயிச் சரிபாக்கணும். அத வருசா வருசம் கரும்பலகையில எழுதிப் போடுறவன் நான். நான் வரவே இல்ல. படிவம் அழகா இருந்துச்சு, அதையே நம்பிட்டேன்.

— அவுக அங்க கத்தியிருக்காக. சந்தைக்குப் போன மனுசன வேனுல ஏத்துறப்பவே, 'எனக்கு ஒண்ணுகூட இல்ல சாமி, ஆறு வருசமா கோயில் கோயிலா நடக்கிறோம்'னு அழுதிருக்காக. 'எல்லாப் பயலும் இதத்தான் சொல்றீக, காகிதத்துல நாலு இருக்கு'ன்னாகளாம். வீட்டுக்கு வந்து மூணு நாளு படுத்தே கெடந்தாக. நாலாம் நாளு, 'நமக்கு நாலுன்னு யாரு தங்கத்தாயி எழுதிக் குடுத்திருப்பா?'ன்னு என்னயக் கேட்டாக.

— நீங்க என்னம்மா சொன்னீங்க?

— நான் யாரக் கை காட்டுவேன்? பக்கத்து வீட்டு அருஞ்சுனைக்கும் எனக்கும் அப்பத்தான் ஆட்டுக் கொட்டடியில சண்ட. அவதான் வயித்தெரிச்சல்ல சொல்லியிருப்பான்னு சொல்லிட்டேன். நடுத்தெருவுல வச்சு மண்ண வாரித் தூத்துனேன் அவள. அஞ்சு மாசமாச்சு, அவ மொகத்துல நான் முழிக்கல. அவ ஒரு பாவமும் பண்ணலையேய்யா.

— யக்கா, அவுக வீட்டுல நானே போயிச் சொல்றேன். ஆபீஸுல போயும் சொல்றேன். ஜெயில்ல போட்டாலும் சொல்றேன்.

— சொல்லு. அருஞ்சுனைகிட்டப் போயிச் சொல்லு. ஆபீஸுல சொல்லி என்ன ஆகப்போகுது? வெட்டுனத மறுபடி ஒட்ட வைப்பாகளா?

— அழுகாத காசிராஜா. இந்தம்மா முன்னால அழுகுறதுக்கு உனக்கும் எனக்கும் அருகதை இல்ல. தாயி, உங்க வீட்டுக்காரரு எங்க இருக்காரு? நான் அவரு காலுல விழணும்.

— தூத்துக்குடியில. ஆர்பருல லோடு தூக்குறாகன்னு கேள்வி. போயி ஒரு மாசமாச்சு.

— அந்த அவமானத்துலதான் போயிட்டாரா?

— இல்லய்யா. ஆப்பரேசனுக்காக அவுக போகல. அதப் பொறுத்துக்கிட்டாக. 'புள்ள இல்லாட்டி என்ன, ஒனக்கு நான், எனக்கு நீ'ன்னு தலையத் தடவிச் சொன்ன மனுசன். பங்குனியில கூலிக்குக்கூட விடல என்னய. எனக்குத்தான் காச்சல் வந்த மாதிரி பாத்துக்கிட்டாக.

— பெறகு ஏன்மா போனாரு?

— ஒரு கடுதாசி எழுதித் தருவீகளா? எனக்கு எழுத்து தெரியாது. இந்த ஊர்ல ஒருத்தர்கிட்டயும் இத எழுதச் சொல்ல முடியாது.

— சொல்லுங்கம்மா, நான் எழுதுறேன்.

— நீங்க வேணாம். தம்பி எழுதட்டும். ஏன் தம்பி, நான் சொன்னத சொன்னபடி எழுதுவியா? ஒரு சொல்லு கூடக் கூடாது.

— எழுதுறேங்க்கா. சொல்லுங்க.

— 'தங்கத்தாய் எழுதிக்கிறது. நான் இருக்கேன். வெள்ளாடு ரெண்டு குட்டி போட்டிருக்கு. ஒண்ணு கறுப்பு.' எழுதிட்டியா?

— எழுதிட்டேன்.

— 'நேரத்துக்குச் சாப்பிடுங்க. உப்புத் தண்ணியில குளிச்சா உங்களுக்குச் சேராது.'

— ம்.

— 'நீங்க கேட்ட கேள்விக்கு அன்னைக்குச் சொன்னதுதான் இன்னைக்கும். நீங்க தவிர ஒரு ஆம்பளையும் நம்ம வாசப்படி மிதிக்கல. மாரியாத்தா கோயில்ல சூடம் அணைச்சுச் சொல்லச் சொன்னாலும் சொல்றேன். என் வயித்துல இருக்குறது உங்க புள்ளதான்.' என்ன தம்பி, கை நின்னு போச்சு?

— யக்கா, நீங்க...

— நாலு மாசம். ஆறு வருசமாத் தங்காதது இப்பத் தங்கியிருக்கு. அவுகளுக்கு ஆப்பரேசன் பண்ணுனது மாசிக் கடேசியில. எனக்குத் தங்குனது சித்திரையில. 'ஆப்பரேசன் ஆனவனுக்கு எப்பிடிடி புள்ள வரும்'னு கேட்டாக. எனக்கே தெரியல, நான் என்னன்னு பதில் சொல்வேன்? வாய் பேசாம நின்னேன். அதையே வச்சு முடிவு பண்ணிட்டுப் போயிட்டாக. களையெடுக்கப் போனா எவளும் என் பக்கத்துல நிக்கிறதில்ல. ஐயா, நீங்க படிச்சவுக. சத்தியமா நான் ஒரு தப்பும் பண்ணல. இது எப்பிடி ஆச்சுன்னு உங்களுக்காவது தெரியுமா?

— தெரியும்மா.

— தெரியுமா? அப்ப ஏன்ய்யா உங்க மொகம் இப்பிடிப் போகுது?

— ஆப்பரேசன் ஆன பெறகும் மூணு மாசம் வரைக்கும் புள்ள தங்கும், அதுவரைக்கும் எச்சரிக்கையா இருக்கணும். இது அவரு புள்ளதான் தாயி, ஒரு சந்தேகமும் இல்ல. அதத் தெளிவா அச்சடிச்சு, வீடு வீடாக் குடுங்கன்னு ஒரு கட்டு நோட்டீசு அந்த ஆபீஸரு அன்னைக்கே என் கையில குடுத்தாரு. நான் மேல இருந்த ஒண்ண வாசிச்சுப் பாத்துட்டு, 'நாங்க ஆராய்ச்சி பண்றவங்க, நோட்டீசு குடுக்குறது எங்க வேலை இல்ல'ன்னு நெனச்சு, கட்டுக்கூடப் பிரிக்காம என் பீரோவுல போட்டுப் பூட்டி வச்சிருக்கேன்.