பதில் சொன்ன இருநூற்றுப் பன்னிரண்டு பேர்

'நூற்றுக்கு இத்தனை பேருக்குத் திருப்தி' என்று விளம்பரத்தில் கண்டால் நான் பக்கத்தைப் புரட்டிவிடுவேன். யார் கேட்கச் சொன்னார்கள், யாரைக் கேட்காமல் விட்டார்கள், இந்த இரண்டும் தெரியாமல் எந்தக் கணிப்பையும் நம்பக் கூடாது. இருபது வருடமாக இதே தொழில்தான், சார். என் சந்தேகம் சும்மா வந்ததல்ல.

அந்த மருத்துவமனை கேட்டது எளிய வேலை. அங்கே இதய அறுவை செய்துகொண்ட முந்நூறு பேரைத் தொலைபேசியில் அழைத்துத் திருப்தியா என்று கேட்க வேண்டும். என்னிடம் ஆறு பெண்கள், ஆளுக்கொரு ஹெட்போன். மூன்றாம் நாள் அவர்களில் மூத்தவள் என் மேஜைக்கு வந்தாள்.

"சார், நாப்பத்தோரு வீட்ல ஆளே இல்லைங்கறாங்க. ஆபரேஷன் முடிஞ்சு ஒரு மாசத்துக்குள்ள போயிட்டாங்களாம். இவங்களை எதுல சேக்கறது?"

"பதில் சொன்னவங்களைத்தானே எண்ணணும்? மத்தவங்களை எடுத்துடும்மா."

முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ரோஷக்காரி. நானே உட்கார்ந்து ஒவ்வொரு பெயராக நீக்கினேன். போனையே எடுக்காதவர்களும் போக, பதில் சொன்னவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். அவர்களில் இருநூற்று நான்கு பேருக்குத் திருப்தி. தொண்ணூற்றாறு சதவீதம். நான் ஒரு எண்ணைக்கூட இட்டுக்கட்டவில்லை.

மறுநாள் அக்கா போன் செய்தாள். அத்தானுக்கு அதே ஆபரேஷன், அதே மருத்துவமனை.

"நீதானே அங்க சர்வே எடுக்கறே? நம்பிப் போலாமாடா? எனக்கென்னவோ மனசே சரியில்லை."

வேண்டாம் என்றால் ஏன் என்று குடைவாள். அக்கா வாயில் எதுவும் தங்காது, சாயங்காலத்துக்குள் தெருவே பேசும். அறிக்கையோ இன்னும் என் மேஜையில் இருந்தது, மருத்துவமனையிலிருந்து பணமும் வரவில்லை.

"தொண்ணூத்தாறு சதவீதம்க்கா" என்றேன்.

அவள் குரல் தெளிந்துவிட்டது. எனக்கும் நிம்மதியாக இருந்தது.

அறுவை முடிந்த பதினோராம் நாள் அத்தான் இறந்தார். என்னைப் படிக்க வைத்தவர் அவர்தான். எல்லோர் முன்னாலும் தேம்பி அழுதேன், அதில் நடிப்பு எதுவும் இல்லை. அக்கா மட்டும் அழாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு உள்ளறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

தெரியும். உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? தெரிந்தேதான் அவரை அனுப்பினேன். ஆனால் அக்கா கேட்ட விதம் தவறு. ஆமாம், இல்லை என்று இரண்டே பதிலுக்கு இடம் விட்டால், பதில் சொல்பவரை நாமே ஒரு பக்கம் தள்ளிவிடுகிறோம். அதை அங்கேயே அவளுக்குப் பொறுமையாக விளக்கினேன்.