பிள்ளைப்பாக்கம் சைக்கிள் பள்ளம்

— அந்த எடத்துல மட்டும் ஒரே ஒரு கையெழுத்து போடுங்கக்கா. மத்ததெல்லாம் நானே எழுதிட்டேன்.

— கையெல்லாம் மண்ணா கீது பலராமா.

— கழுவிட்டு வாங்க. நான் நிக்கிறேன்.

— சூளை மண்ணு, கழுவனா மட்டும் பூடுமா? மொதல்ல படி. இன்னா எழுதிகீறன்னு தெரியாம எப்டி போட்றது?

— ரைட்டு. படிக்கிறேன். "மாவட்ட சைக்கிள் சங்கச் செயலாளர் அவர்களுக்கு. 14-4-1991 ஞாயிற்றுக்கிழமை, சித்திரை முதல் நாளன்று, பிள்ளைப்பாக்கம் பழைய செங்கல் சூளைப் பள்ளத்தில் எங்கள் மன்றம் நடத்திய இருபது சுற்றுப் பந்தயத்தில், கடைசிச் சுற்றுக்கான மணி ஒரு சுற்று தாமதமாக அடிக்கப்பட்டது. அடித்தவன் நான். சுற்றுகளை எண்ணிய மரகதம் அம்மாள், சுற்றுக்கு ஒரு கல்லாகச் சரியாகவே சாய்த்து வந்தார். பிழை முழுவதும் என்னுடையது. இதனால் விபத்து நேர்ந்து, வீரர் தசரதன்..."

— இன்னா நிறுத்திட்ட?

— அதுக்கு மேல வாய் வரலக்கா.

— செத்தது என் தம்பி. எனக்குக் கேக்க முடியுது, உனக்குப் படிக்க முடியலியா? படி.

— "...வீரர் தசரதன் உயிரிழந்தார். இப்படிக்கு, பலராமன், மன்றச் செயலாளர்." அதுக்குக் கீழ உங்களுது. "மேலே கண்டபடி கற்களைச் சரியாகச் சாய்த்தேன் என்று உறுதி கூறுகிறேன்." அவ்ளோதான்.

— இத்த குடுத்தா உனக்கு இன்னா ஆவும்?

— நாளைக்கு மெட்ராஸ்ல என்கொயரி. ஆயுசுக்கும் ரேஸ் பக்கம் வரக்கூடாதுன்னு ஆர்டர் போட்டுருவாங்க. அது பரவால்ல.

— பரவா உள்ளது எது?

— இன்ஸ்பெக்டர் சங்கத்தோட ரிப்போர்ட்டுக்குத்தான் வெயிட் பண்ணிக்கிட்டிருக்காரு. அஜாக்கிரதையால மரணம்னு கேஸ் போடுவாரு. கேஸ் வந்தா பேக்டரில சஸ்பெண்டு. பதினோரு வருஷமா லேத்துல நின்னுகிட்டிருக்கேன், ஒரு நாள் லேட் பன்ச் கெடையாது. அதுவும் போவும்.

— உம் பொண்டாட்டிக்குத் தெரியுமா?

— அமலாவா? அவ எங்கூடப் பேசியே மூணு வாரம் ஆவுது. சாப்பாடு மட்டும் வெக்கிறா. விடுங்கக்கா. பேனா இந்தாங்க.

— இரு. இவ்ளோ அவசரமா நீயே போயி ஏன் தலைய குடுக்கற? யாராச்சும் உன்ன கேட்டாங்களா?

— கேக்கலன்னா? குன்றத்தூர்ல அந்த ஹேமந்த் வூட்டு வாசல்ல வந்து பாருங்க. கதவே தொறக்கிறதில்ல. நம்ம ஊர்க்காரங்க அன்னிக்கு அடிச்ச அடியில காது சவ்வு கிழிஞ்சிருச்சு. சங்கம் அவனை சஸ்பெண்டு பண்ணிடுச்சு. ரேஸ் நடுவுல நின்னான், அவனாலதான் பின்னால வந்தவன் செத்தான்னு. இருபத்தோரு வயசுப் பையன்கா. அவன் ஒரு தப்பும் பண்ணல.

— சாப்ட்றானா?

— யாரு?

— அந்தப் புள்ளதான்.

— அவுங்கப்பா ரகுபதி சொன்னாரு, மோர் மட்டும் குடிக்கிறானாம். நம்ம தசரதன் காரியத்துக்கு வந்திருந்தான் தெரியுமா? தெருமுனைல நின்னுட்டுத் திரும்பிப் போயிட்டான்.

— நான் பாத்தேன்.

— பாத்தீங்களா?

— பாத்துக்கினேதான் இருந்தேன். கூப்டல. பலராமா, ஒண்ணு கேக்கறேன். அந்த வளைவுல இன்னா நடந்துச்சு? மாசம் ஒண்ணாச்சு, ஒருத்தரும் எங்கிட்ட நெசத்த சொல்லல. நான் கல்லு பக்கம் பாத்துக்கினு இருந்தேன். சத்தம்தான் கேட்டுச்சு. நீ சொல்லு.

— வேணாங்க்கா.

— சொன்னாதான் கையெழுத்து.

— இது நியாயமே இல்ல.

— நீ இங்க வந்து நிக்கறது மட்டும் நியாயமா? சொல்லு.

— ரைட்டு. எங்கருந்து சொல்றது? இருபது செங்கல்லு நிக்க வெச்சீங்க, அந்த மண் செவுத்து மேல. முன்னால வர்றவன் கோட்டைத் தாண்டத் தாண்ட ஒண்ணு ஒண்ணா சாய்ப்பீங்க. ஒரு கல்லு மட்டும் நின்னா நான் பெல் அடிக்கணும், கடைசி ரவுண்டுன்னு அர்த்தம். அதுதான நம்ம சிஸ்டம். உங்களை ஏன் வெச்சோம்? இந்தச் சூளைல ஆயிரம் கல்லு எண்ணினா ஒண்ணு தப்பாத ஆளு நீங்கதான்னு முனிரத்தினம் மேஸ்திரி சொன்னாரு. கமிட்டில அஞ்சு பேரு, அஞ்சு பேரும் கை தூக்கினோம்.

— தெரிஞ்சதயே சொல்லாத. மேல போ.

— பதினெட்டாவது ரவுண்டு வரைக்கும் எல்லாம் கரெக்டு. அப்போ பாத்து, வேலைக்கு ஆள் எடுக்க வந்திருந்த பேக்டரி ஸ்போர்ட்ஸ் ஆபீசர் கூப்ட்டாரு. மைக்கு கரகரன்னுது, சரி பண்ணுங்கன்னாரு. நான் திரும்பிட்டேன். அதாங்க்கா என் பாவம். மைக்கு ஒயரைப் புடிச்சு அமுக்கிட்டுத் திரும்பிப் பாக்கிறேன், வண்டிங்க கோட்டைத் தாண்டுது, செவுத்து மேல ரெண்டு கல்லு நிக்குது. நீங்க சாய்க்கறதுக்கு ஒரு செகண்டு முன்னாடி பாத்துட்டேன் போல. சரி, பெல்லுக்கு இன்னும் ஒரு ரவுண்டு இருக்குன்னு அடிக்காம வுட்டுட்டேன்.

— அடுத்த சுத்துல?

— அடுத்த சுத்துல ஒரு கல்லு நின்னா மாதிரி இருந்துச்சு. அடிச்சேன். ஆனா அதுதான் இருபதாவது. ரேஸ் முடிஞ்சு போச்சு. வாட்ச் புடிச்ச சுப்பிரமணி நோட்டுல பாருங்க, ரவுண்டுக்கு ஒரு டைம் எழுதியிருக்கான். பெல்லுக்கு முன்னாடி இருபது லைன் இருக்கு.

— நீ ஒரு கல்லு நின்னுதுன்னு சொல்றியே. ஒன் கண்ணால பாத்தியா?

— பாத்தேன். பாத்தா மாதிரி இருக்கு. நாலு மணி வெயில்கா, நேரா கண்ணுல. என் கண்ணை நம்பறதா, உங்க கையை நம்பறதா? உங்க கையைத்தான் நம்பறேன்.

— அப்புறம்?

— ஹேமந்த் மனசுல எண்ணிக்கிட்டே ஓட்றவன். இருபது முடிஞ்சுதுன்னு அவனுக்குத் தெரியும். பெல் சத்தத்தைக் கேட்டதும், ஜெயிச்சதுக்கு அடிக்கிறாங்கன்னு நெனச்சு ரெண்டு கையும் தூக்கிட்டான். அப்டியே வேகத்தைக் குறைச்சுக்கிட்டு வளைவுல உள்பக்கமா எறங்கினான்.

— தசரதன்?

— அவன் எண்ணல. அவன் என்னிக்கு எண்ணினான்? பெல் அடிச்சா கடைசி ரவுண்டு, அடிச்சு மெதிக்கணும். நான் சொல்லிக் குடுத்தது அதுதான். தலையைக் குனிஞ்சு மெதிச்சான். அந்த மாதிரி ஒரு வேகம் நான் பாத்ததே இல்லக்கா. நாலஞ்சு கஜம் பின்னால இருந்தவன் அரை வளைவுலயே வந்துட்டான். நிமிந்து பாக்கறப்ப ஹேமந்த் சக்கரம் மூக்குக்கு முன்னாடி.

— பிரேக் புடிச்சிருக்கக் கூடாதா?

— ட்ராக் வண்டிக்கு பிரேக் வெக்கக்கூடாது, ரூலு. பிரீவீலையும் வெல்டிங் வெச்சு அடைச்சுருவோம், சக்கரம் சுத்துற வரைக்கும் பெடலும் சுத்தும். காலை நிறுத்தினா வண்டி ஆளைத் தூக்கிப் போட்டுரும். அவன் காலை நிறுத்தினான்.

— எந்தச் செவுத்துல மோதினான்?

— வளைவுக்கு மேல இருக்கற அந்தப் பழைய சூளை செவுரு. அத்த இடிக்கணும்னு மாசிலேயே கமிட்டில பேசினோம். சித்திரைக்கு முன்னாடி ஆள் கெடைக்கல, வுட்டுட்டோம். போதும்கா. இதுக்கு மேல கேக்காதீங்க.

— வலிச்சிருக்குமா?

— இல்ல. நான்தான் மொதல்ல ஓடிப் போய்த் தூக்கினேன். சத்தியமா இல்ல.

— ஆங்.

— அழுவுங்கக்கா. அழுதுடுங்க. கல்லு மாதிரி ஒக்காந்திருக்காதீங்க, பயமா இருக்கு.

— அழுவ வரல. வெக்கமாத்தான் கீது.

— உங்களுக்கு எதுக்கு வெக்கம்? வெக்கப்பட வேண்டியவன் நான். யாரு கேட்டா இந்த ஊர்ல ட்ராக்கு? ஒரு பழைய புக்குல சைக்கிள் ட்ராக் போட்டோவைப் பாத்துட்டு, வெலோட்ரோம் வெலோட்ரோம்னு பைத்தியம் புடிச்சு அலைஞ்சேன். சூளைக்குத் தோண்டின பள்ளம் சும்மாத்தான இருக்குன்னு வளைவுக்கெல்லாம் மண்ணைக் கொட்டி, தண்ணி தெளிச்சு, எருமை பூட்டி ரோலர் இழுத்து... ஜனம் சைக்கிள் பள்ளம்னு சிரிச்சுது. ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை ஓவர்டைமை வுட்டுட்டு வந்து மண் சொமந்தேன். இதுக்குத்தானா சொமந்தேன்?

— நீ மட்டுமா சொமந்த? அவனும்தான் சொமந்தான். ராத்திரில கை எரியுதுன்னு எண்ணெ தடவச் சொல்லுவான்.

— எனக்கு அதைச் சொல்லாதீங்க.

— அந்த ஆபீசர் கதை இன்னா, அத்தயும் சொல்லு. ஒருத்தனத்தான் எடுப்பேன்னு சொன்னாராமே.

— ஆமா. காலைலயே சொல்லிட்டாரு. ஸ்போர்ட்ஸ் கோட்டால ஒரே ஒரு வேகன்சி, ஜெயிக்கறவனுக்கு மறுநாளே கார்டு போட்டுத் தரேன், ரெண்டாவது வர்றவனை வெச்சுக்கிட்டு நான் இன்னா பண்றதுன்னு சிரிச்சாரு. நான்தான் ஓடி வந்து உங்ககிட்ட சொன்னேன். ஞாபகம் இருக்கா? அக்கா, இன்னிக்கு சாயங்காலம் உங்க தம்பி பேக்டரிக்காரன்னு.

— இருக்காம இன்னா. வேல வந்தா நீ கல்லு சொமக்கக் கூடாதுக்கான்னு அவன் சொல்லிக்கினே இருப்பான். எங்கம்மா போனப்ப அவனுக்கு நாலு வயசு. இடுப்புல வெச்சுக்கினுதான் கல்லு எண்ணேன். ஒரு கையால அவன புடிச்சுக்கினு ஒரு கையால எண்ணுவேன். அப்பக்கூட ஒண்ணு தப்பாது.

— அதத்தான் நானும் எழுதியிருக்கேன்.

— இப்ப நான் எண்றதில்ல. தெரியுமா?

— மேஸ்திரி சொன்னாரு. தண்ணி எடுக்கற வேலைக்கு மாத்திக்கிட்டீங்களாம். ஏன்?

— பதினாறுக்கு மேல போவ மாட்டேங்குது.

— போவும்கா. கொஞ்ச நாள் ஆவட்டும். இப்போ இதுல போடுங்க. அஞ்சு மணி பஸ்ஸை வுட்டா நான் இன்னிக்கு மெட்ராஸ் போவ முடியாது.

— நான் போட மாட்டேன்.

— அக்கா.

— கிழிச்சுப் போடு அத்த.

— புரியுது. எம்மேல உங்களுக்கு ஆத்திரம். ஒரு கடுதாசில முடிஞ்சு போற பாவமான்னு கேக்கறீங்க. நியாயம்தான். என்னை மன்னிக்கவே வேணாம். செருப்பால அடிங்க, வாங்கிக்கிறேன். ஆனா கையெழுத்து இல்லாம போனா, கல்லு தப்பா, பெல்லு தப்பா, தெரியலன்னு எழுதிருவாங்க. தெரியலன்னா ஹேமந்த்தை வுட மாட்டாங்க. ஒரு பையனைக் கொன்னாச்சு, இன்னொருத்தனையும் கொல்லணுமா?

— வேணாம். அவன வுட்டுறச் சொல்லு.

— அதுக்குத்தான் இது.

— உன்னயும் வுட்டுறச் சொல்லு.

— என்னை எப்டி வுடுவாங்க? ரெண்டுல ஒண்ணுதான் தப்பு. கல்லு தப்பல, அப்போ பெல்லுதான். ஊரே சொல்லுது, மரகதம் கணக்கு தப்பாதுன்னு. ஹேமந்த் அப்பாகூட சொல்றாரு. மாசம் பூரா ராத்திரி தூக்கம் இல்லாம யோசிச்சுப் பாத்துட்டேன், வேற வழியே இல்ல. நீங்களே சொல்லுங்க, உங்க கணக்கு என்னிக்காவது தப்பியிருக்கா?

— இல்ல.

— அன்னிக்கு?

— அன்னிக்கும் தப்பல பலராமா. பதினேழு முடிஞ்சுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும், கையக்கூட கல்லு மேல வெச்சேன், தம்பி இன்னும் பின்னாலதான் வந்துக்கினு இருந்தான், ஒரே ஒரு சுத்து கூடுதலா கெடச்சா புடிச்சுருவான்னு அத்த சாய்க்காம வுட்டேன்.