பதினான்கு பலாப்பழம்

எனக்குப் பலாப்பழம் பிடிக்காது. அதன் வாசனை துணியில் ஏறினால் இரண்டு துவைப்புக்கும் போகாது. என் காரின் பின்சீட்டை முகர்ந்து பார்த்து நீங்கள் என்னைக் கண்டுபிடித்தது சரியான வழிதான், இன்ஸ்பெக்டர் சார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன். நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். வரிசையாக எழுதுவதுதான் என் தொழிலும்.

என் பெயர் சாய்சரண். நானும் மனோஜ்குமாரும் கல்லூரியில் ஒரே பெஞ்ச். மூன்று வருடத்துக்கு முன் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் கேம் செய்யக் கிளம்பினோம். கேமின் கதை எளியது. தொண்டாமுத்தூர்ப் பக்கம் ஒரு தோப்புக்குள் யானை வந்துவிடுகிறது. விளையாடுகிறவர் வாழையையும் காப்பாற்ற வேண்டும், யானையையும் நோகாமல் காட்டுக்கு அனுப்ப வேண்டும். மனோஜின் அப்பா காளிச்சாமி பம்புசெட் பட்டறை வைத்திருப்பவர். தொண்டாமுத்தூரில் உள்ள தன் தென்னந்தோப்பில் ஒரு ஷெட்டை எங்களுக்கு ஆபீசாகக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனை. மூன்று வருடத்துக்குள் கேம் வெளிவர வேண்டும்; வராவிட்டால் மனோஜ் பட்டறையில் வந்து உட்கார வேண்டும், ஷெட்டில் கொப்பரை காயும்.

கேமுக்கு என்ஜின் என்று ஒன்று உண்டு. மரம் நிற்பது, நிழல் விழுவது, கல் உருள்வது எல்லாவற்றையும் அடியில் இருந்து பார்த்துக்கொள்ளும் மென்பொருள் அது. நல்ல என்ஜின்கள் ரெடிமேடாகவே கிடைக்கின்றன. அதில் கொண்டுவந்து வைக்க ரெடிமேட் மரம், ரெடிமேட் மழை, ரெடிமேட் யானை எல்லாம் விற்கிறார்கள். வாங்கிவிடலாம் என்றார் மனோஜ். எல்லாவற்றையும் நாமே எழுதுவோம் என்றேன் நான். அடுத்தவன் செய்த யானையை வைத்து நாம் கேம் செய்தோம் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. இதைப் பேசியே முதல் வருடம் போயிற்று.

காளிச்சாமி ஒருநாள் ஷெட்டுக்கு வந்து இரண்டு பக்கமும் கேட்டார்.

"ஏனுங்க தம்பி, பம்பு நம்முளுதுங்க. அதுக்குள்ள போற பேரிங்கு கடையில வாங்கறதுதானுங்க. பேரிங்கையும் நாமளே கடைஞ்சுட்டிருந்தா தண்ணி எப்பங்க வாரது?"

யானை பேரிங் இல்லை என்றேன். அவர் எழுந்து தோளில் இருந்த துண்டை உதறினார். பிறகு, "செரி, நமக்குள்ள எதுக்குங்க சண்டை. கோயில்ல பூக் கேட்டுப்போடலாம்" என்றார்.

உங்களுக்குத் தெரிந்ததுதான். சிவப்புப் பூ ஒரு பொட்டலம், வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சாமி முன்னால் வைத்து ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். சம்பந்தம் பேசவும் போர்வெல் போடவும் அவர்கள் வீட்டில் அப்படித்தான் கேட்பார்கள். வெள்ளை வந்தால் வாங்குவது, சிவப்பு வந்தால் நாமே எழுதுவது என்று பேச்சு. பொட்டலம் மடிக்கிற வேலையை என்னிடம் கொடுத்தார்கள். நான் இரண்டிலும் சிவப்பு அரளியை வைத்தேன். சாமியை நான் ஏமாற்றவில்லை. எதை எடுத்தாலும் தப்பாகாதபடி அவருடைய சிரமத்தைக் குறைத்தேன், அவ்வளவுதான். காளிச்சாமியின் பேத்தி ஹர்ஷிணி ஒன்றை எடுத்தாள். சிவப்பு. மனோஜ் கன்னத்தில் போட்டுக்கொண்டு, பிரிக்காத பொட்டலத்தையும் பிரசாதம் என்று எடுத்துப் பையில் வைத்துக்கொண்டார். அதை அப்போதே கேட்டு வாங்கியிருக்க வேண்டும். கவனக்குறைவு என்னுடையதுதான்.

அடுத்த இரண்டு வருடம் உழைத்தோம். எங்கள் என்ஜினில் ஒரு தென்னைமரம் நின்றது. வேறு எங்கும் பார்க்க முடியாத தென்னை. ஒரே ஒரு சின்னக் குறை, ஒரு நேரத்தில் ஒரு பொருள்தான் அசையும். மட்டை ஆடினால் மேகம் நிற்கும், மேகம் நகர்ந்தால் மட்டை நிற்கும். பொறுமையாகப் பார்த்தால் அதிலும் ஓர் அழகு இருக்கிறது. கெடுவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது மனோஜ் காய்ச்சல் என்று சொல்லிப் பதினோரு நாள் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் என்னை ஆர்.எஸ்.புரத்தில் இருக்கிற தன் வீட்டுக்கு அழைத்து, கூடத்து டி.வி.யில் ஒரு கேமைப் போட்டுக் காட்டினார்.

ரெடிமேட் என்ஜின். ரெடிமேட் தோப்பு. ரெடிமேட் யானை. எல்லாம் ஒரே சமயத்தில் அசைந்தன. யானை திரும்பி நடந்து வந்தபோது காளிச்சாமி சோபாவில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு கை தட்டினார். இரண்டு வருடத்தில் என் தென்னையை அவர் ஒருமுறைகூடத் தட்டிக் கொடுத்ததில்லை.

அந்த யானைக்குக் காது விசிறி அகலம். முதுகு நடுவில் குழிந்திருந்தது. அது ஆப்பிரிக்க யானை என்று சொன்னேன்.

"கெடக்கட்டுங்க சாயி" என்றார் மனோஜ். "வெள்ளாடறவங்க ஆருங்க காதை அளந்து பாக்கப் போறாங்க?"

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. தொண்டாமுத்தூர் வாழையை ஆப்பிரிக்க யானை தின்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள். நம் யானை எப்படித் திரும்புகிறது, எப்படி ஓடுகிறது என்று நேரில் பதிவு செய்தால் ஒரு வாரத்தில் நாமே செய்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். அந்தப் பக்கம் ஒற்றைக் கொம்பன் ஒன்று சுற்றிக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும்.

வியாழக்கிழமை காலை பதினான்கு பலாப்பழம் வாங்கினேன். நன்றாகப் பழுத்ததாகக் கேட்டேன். அன்று மாலை, யானை வராமல் இருக்கத் தோப்பைச் சுற்றிப் போட்டிருந்த சோலார் மின்வேலியின் பேட்டரியைக் கழற்றி வைத்தேன். ஷெட்டைச் சுற்றி இருக்கிற கம்பிவேலியில் மேற்குப் பக்கத்தை மட்டும் அவிழ்த்துவிட்டு, தோப்புக்கு மேற்கே யானை வந்துபோகும் ஓடைப் பள்ளத்திலிருந்து ஷெட் வாசல் வரை இருபது அடிக்கு ஒரு பழமாக வைத்தேன். கேமராவுக்காகத் தென்னைகளில் நாலு போனைக் கட்டினேன். மனோஜிடம் ஒரு கறுப்பு உடையைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை விடியற்காலையில் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். தோள், முழங்கை, இடுப்பு, முட்டி என்று வெள்ளைப் புள்ளி வைத்த உடை. கேமுக்காக ஒருவரின் நடையைப் பதிவு செய்யும்போது அவர் போட்டுக்கொள்வது. அது ரெடிமேடாகக் கிடைக்கும். நான் கையாலேயே தைத்தேன்.

அவர் சொன்ன நேரத்துக்கு வந்தார். புள்ளியுடையிலேயே வந்தார். பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று நான் சொல்லியிருந்தேன். ஷெட்டுக்குள் உட்காரச் சொல்லிவிட்டு, டீ வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்து கம்பிவேலியின் கிழக்குக் கேட்டைப் பூட்டினேன். பிறகு வெளியே இருக்கும் தண்ணீர்த் தொட்டிமேல் ஏறி உட்கார்ந்தேன். நல்ல வெளிச்சம் வந்திருந்தது.

யானை வந்ததும் மனோஜ் கேட்டுக்கு ஓடி வந்தார். "சாயி, ஆனைங்க! கேட்டைத் தொறங்க!" என்றார். திறந்திருந்த மேற்குப் பக்கம் யானை நின்றதால், பிறகு ஷெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மோட்டார் ரூமைச் சுற்றி ஓடினார். ஒவ்வொரு சுற்றிலும் கேட்டுப் பக்கம் வரும்போது, "தொறந்துபோடுங்க சாயி, உங்களைக் கும்பிடறேனுங்க" என்றார். அந்த நிலையிலும் அவர் வாயில் மரியாதை குறையவில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை. நான் திறக்காததற்குக் காரணம் இருக்கிறது. கேட் திறந்திருந்தால் அவர் நேராக ஓடிப் போயிருப்பார், நாலு கேமராவுக்கும் வெளியே. நேர் ஓட்டத்தில் ஒன்றும் தெரியாது. வட்டமாக ஓடினால்தான் எல்லாப் பக்கமும் பதிவாகும்.

மூன்று சுற்று ஓடினார். நாலாவது சுற்றில் மோட்டார் ரூம்மேல் ஏறப்போய் ஷெட் சுவரோரம் விழுந்தார். யானை அவரைத் தொடவில்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். அது ஷெட் வாசலில் சுவரை ஒட்டி இருந்த பதினாலாவது பழத்துக்காக ஷெட்டின் சுவரைத் தள்ளியது, சுவர்தான் அவர் கால்மேல் விழுந்தது. பக்கத்துத் தோட்டத்து பாலுசாமி வெடி வைத்து யானையை விரட்டினார். அந்தச் சத்தத்தில் ஒலிப்பதிவு கெட்டுப்போனது.

இரண்டு காலும் இடுப்பெலும்பும் உடைந்து, நினைவு திரும்பவே இரண்டு நாளுக்கு மேல் ஆனதாகச் சொன்னீர்கள். நடப்பார், ஓட முடியாது என்று டாக்டர் சொன்னதாகவும் சொன்னீர்கள். கேட்டபோது கஷ்டமாகத்தான் இருந்தது.

ஆஸ்பத்திரியில் அவருடைய மூடியிருந்த கையைப் பிரித்தபோது காய்ந்த சிவப்பு அரளி இருந்ததே, அது என்ன என்று கேட்டீர்கள். அது இரண்டாவது பொட்டலம். புதன்கிழமை மாலை அவர் எனக்குப் போன் செய்தார்.

"பூசை அலமாரியைத் துடைச்சப்ப கெடச்சதுங்க சாயி. பிரிச்சுப் பாத்தேனுங்க. இதுலயும் செவப்புத்தானுங்க இருக்குது. அப்பாகிட்ட வெள்ளிக்கெழம சொல்லிப்போடறேன். அதுக்கு முன்னாடி நீங்களே வந்து சொல்லீட்டீங்கன்னா நல்லாருக்குமுங்க."

சத்தமாகக்கூடப் பேசவில்லை. அழுதிருந்தார் என்று நினைக்கிறேன். அவர் போன் செய்தது புதன் மாலை, நான் பழம் வாங்கியது வியாழன் காலை. இரண்டுக்கும் நடுவில் ஓர் இரவே இருக்கிறது. அந்த இரவு முழுக்க நான் புள்ளி தைத்துக்கொண்டிருந்தேன், வேறு எதையும் யோசிக்க நேரமில்லை.

யானையின் நடைதான் வேண்டும் என்றால் புள்ளியை ஏன் மனோஜ்மேல் வைத்தாய் என்று நேற்று மூன்று முறை கேட்டீர்கள். அதற்குத்தான் பதில் எழுதாமல் இருந்தேன். பூட்டியது நான், அவரை வரச் சொன்னது நான், எல்லாம் தெரிந்தே செய்தேன். ஆனால் கேமுக்காகச் செய்தேன். சந்தேகம் இருந்தால் உங்கள் மேஜையில் இருக்கிற என் லேப்டாப்பைத் திறந்து பாருங்கள். நீங்கள் என்னைப் பிடிப்பதற்கு முன் இரண்டு நாள் கிடைத்தது, எங்கள் என்ஜினிலேயே முடித்துவிட்டேன். ஒரு நேரத்தில் ஒன்றுதான் அசையும் என்று சொன்னேன் அல்லவா, ஓடுகிற மனோஜ், துரத்துகிற யானை இரண்டில் ஒன்றை நீக்க வேண்டி வந்தது. யானையை நீக்கிவிட்டேன்.